அம்மாக்கண்ணு மைக்கில் சொன்னதும் சொல்லாததும்

ஞாயிற்றுக்கிழமைகளில் தும்பக்காட்டில் மணி பார்க்க யாரும் செல்போனை எடுப்பதில்லை. ஜெபவீட்டுக் கூரை மேலிருக்கும் குழாய் ஸ்பீக்கர் ஒரு முறை கொரகொரத்து, "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று அம்மாக்கண்ணுவின் குரல் கேட்டால் மணி பதினொன்று. அந்தக் குரல் ஓய்ந்தால் பதினொன்றரை. நடுவிலுள்ள அரை மணி நேரம் ஊரிலிருக்கும் அறுபது வீட்டுக்காரர்களும், சரிவில் மேயும் ஆடுமாடுகளும், மாரியம்மன் கோயில் பூசாரியும் இஷ்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவளுடைய சாட்சியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவே வருவது சாட்சி நேரம். அந்த வாரம் ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். முடிவில் ஒரு ஜெப விண்ணப்பமும் வைக்கலாம். மற்றவர்கள் இரண்டு நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அம்மாக்கண்ணு மைக்கைப் பிடித்தால் வெயிலில் காயவைத்த சாமையைக் கிளறி விட்டு வரும் அளவுக்கு நேரம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கணக்கு வைத்திருந்தார்கள்.

ஜெபவீடு என்றதும் பெரிய கோபுரத்தையெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகர ஷீட் போட்ட நீளமான ஓர் அறை, தரையில் பாய், பதினொரு குடும்பங்கள், அவ்வளவுதான். பாஸ்டர் வெற்றிச்செல்வன் சந்தவாசலிலிருந்து பைக்கில் மலையேறி வருவார். முப்பத்திரண்டு வயதுக்காரர், கூச்ச சுபாவம். மழை பிடித்துக்கொண்டால் வர மாட்டார். அன்றைக்கு அம்மாக்கண்ணுவின் சாட்சி முக்கால் மணி நேரம் நீளும். ஸ்பீக்கர், அடிவாரத்துச் சபை ஒன்று தங்களுக்குப் புதிது வாங்கியபோது தூக்கிக் கொடுத்த பழையது. உள்ளே உட்கார்ந்திருக்கும் நாற்பது பேருக்கு அது தேவையே இல்லை. ஆடி மாதத்தில் கோயில் ஸ்பீக்கர் பத்து நாள் பாடுகிறதே, நாம் வாரத்துக்கு ஒரு நாள் பேசக் கூடாதா என்று ஆள் பிடித்து அதைக் கூரையில் ஏற்ற வைத்தவள் அம்மாக்கண்ணு. அதன் வாயை ஊரைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னவளும் அவளே.

அவளுடைய விசுவாசம் பொய் என்று சொல்ல வரவில்லை. மகள் அன்பரசிக்கு ஆறு வயதில் காய்ச்சலும் வலிப்பும் சேர்ந்து வந்தன. பேய்மழையில் பஸ் ஓடாத நாள் அது. ஜெபவீட்டுக்காரர்கள்தான் இரண்டு நாள் கூடவே இருந்து, குழந்தைக்கு ஈரத்துணி போட்டு, ஜெபம் பண்ணி, வழி திறந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். குழந்தை பிழைத்தது. அடுத்த ஞாயிறே அம்மாக்கண்ணு ஜெபவீட்டுப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். ஞானஸ்நானத்தில் எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி இதுவரை அவளை யாரும் கூப்பிட்டதில்லை.

கணவர் கோபால்சாமி மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை. "உனுக்கு நல்லதுன்னு தோணுதா, போய்ட்டு வா" என்று சொன்னதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை அவர் பாட்டுக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேல்காட்டுக்குப் போய்விடுவார். இது அம்மாக்கண்ணுவுக்குப் பெரிய குறை. அதனால் பதினைந்து வருஷமாக அவளுடைய ஜெப விண்ணப்பம் ஒன்றேதான்.

"என் வூட்டுக்காரருக்காக எல்லாரும் ஜெபம் பண்ணிக்குங்க. கல்லு மனசு அவருக்கு. எத்தினி தபா சொன்னாலும் காதுல ஏறல. மரத்துகிட்ட சொன்னாக்கூட ஆடும், இந்த மனுசன் ஆட மாட்டேன்றாரு. இருட்டுல கீறாரு. அவரு கண்ணு தொறக்கணும்."

ஸ்பீக்கர் ஊரைப் பார்த்து இருந்தது என்று சொன்னேன் அல்லவா. இதுவும் ஊருக்கெல்லாம் கேட்டது. மேல்காட்டுக்கும் கேட்டது. அது அம்மாக்கண்ணுவுக்குத் தெரியாமல் இல்லை. கேட்டால் நல்லதுதானே, என்றைக்காவது உறைக்கும் என்றிருந்தாள்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஊரில் யார் படுத்தாலும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தைரியம் சொல்வாள். சசிகலா என்று ஒருத்தி, ஜெபவீட்டில் மைக் செட்டைப் பார்த்துக்கொள்கிற இளம்பெண். அவளுக்கு ஒரு சமயம் சிறுநீரகக் கல் வந்து பாயில் புரண்டு கத்திக்கொண்டிருந்தாள். அம்மாக்கண்ணு தலைமாட்டில் உட்கார்ந்து, "வலிக்குதுன்னு முணுமுணுத்தா ஆண்டவருக்குப் புடிக்காது சசி. நாக்கை அடக்கு. நான் படாத பாடா? ஒரு வார்த்த பேசியிருப்பனா, சொல்லு" என்றாள். சசிகலா பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். பாவம், அந்த நேரத்தில் வேறு என்ன செய்வாள்.

உண்மையைச் சொன்னால், அம்மாக்கண்ணு அதுவரை பட்டதெல்லாம் மூன்று நாளில் தீர்கிற கஷ்டம். தீராத கஷ்டம் போன மாசி மாதம் வந்தது.

மாசியில் மலையில் புளி உலுக்குவார்கள். ஆண்கள் மரத்தில் ஏறிக் கிளைகளை உலுக்க, பெண்கள் கீழே பொறுக்கி மூட்டை கட்டுவார்கள். அம்மாக்கண்ணு ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கும்போது காலுக்கடியில் கல் உருண்டது. எழ முடியவில்லை. இடது தொடை பார்க்கக் கூடாத விதமாக மடங்கிக் கிடந்தது. மூங்கில் கழியில் போர்வையைத் தூளி மாதிரி கட்டி, நான்கு பேர் மாற்றி மாற்றிச் சுமந்து தார்ரோட்டுக்குக் கொண்டு போனார்கள். கழியின் முன்பக்கத்தைக் கடைசி வரை தோள் மாற்றாமல் தூக்கி வந்தவர் கோபால்சாமி. அந்த வழி முழுக்க அம்மாக்கண்ணு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனாள். தூக்கி வந்தவர்கள் அசந்து போனார்கள்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் தொடையைத் திறந்து பிளேட் வைத்தார்கள். அங்கேயும் அவள் பெயர் கெடவில்லை. அடுத்த கட்டிலில் இருந்தவளுக்கு ஆறுதல் சொன்னாள். நர்ஸுகளுக்கு ஜெபம் பண்ணினாள். பார்க்க வந்த சபையார், இதுதான் விசுவாசம் என்று பேசிக்கொண்டு பஸ் ஏறினார்கள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது, மல்லாந்து படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அன்பரசி போளூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்து பத்து நாள் பார்த்தாள். அவளுக்கும் குடும்பம் இருக்கிறது, போக வேண்டியதாயிற்று. பிறகு வீட்டில் இரண்டே பேர். பார்க்க வருகிறவர்கள் மூன்றாவது வாரத்தில் குறைந்து, நான்காவது வாரத்தில் நின்றார்கள். அம்மாக்கண்ணுவின் பொறுமையும் கிட்டத்தட்ட அதே தேதியில்தான் நின்றது.

முதலில் கஞ்சியில் ஆரம்பித்தது. உப்பு இல்லை என்றாள். போட்டுக் கொடுத்தார். இப்போது உப்புக் கரிக்கிறது என்றாள். தலையணை மேலே, தலையணை கீழே. கதவைத் திற, வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, மூடு. மலம் கழிக்கத் தட்டு வைத்து எடுப்பது, முதுகில் புண் வராமல் நாளுக்கு நான்கு முறை திருப்பித் துடைத்துப் பவுடர் போடுவது எல்லாமே கோபால்சாமிதான். அவள் பிடித்து எம்பி உட்காரட்டும் என்று கூரை மூங்கிலிலிருந்து பழைய வேட்டியை முறுக்கித் தொங்கவிட்டிருந்தார். அந்த வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் அவரைத் திட்டினாள்.

கல்யாணமாகி இருபத்து நான்கு வருஷம் 'ங்க' போட்டுப் பேசியவள். வலி ஏறினால் 'யோவ்' வந்தது. "யோவ், கையா அது, உலக்கையா? மெதுவா தூக்கத் தெரியாது உனுக்கு?" "ஆட்டுக்குத் தழை போடத்தான் நீ லாயக்கு." "எங்கயா போய்த் தொலஞ்ச? நான் செத்தாதான் வருவியா?" கோபால்சாமி சுள்ளி பொறுக்கப் போய் அரை மணி நேரம்தான் ஆகியிருக்கும். அவர் பதில் பேசமாட்டார். அது அவளுக்கு இன்னும் எரிச்சல் மூட்டும்.

சாயங்காலம் வலி கொஞ்சம் இறங்கும்போது அவளுக்கே வெட்கமாக இருக்கும். ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடுவாள். அரை மணி நேரம் மைக்கில் தடங்கலில்லாமல் வந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வராது.

ஒரு வெள்ளிக்கிழமை பாஸ்டரும் சசிகலாவும் பார்க்க வந்தார்கள். கோபால்சாமி அவர்களுக்குப் பாய் விரித்து, டீ போட்டுக் கொடுத்து, அவளைத் திருப்பிப் படுக்கவைக்கக் குனிந்தார். எங்கேயோ இழுத்துப் பிடித்துக்கொண்டது. அம்மாக்கண்ணு அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"எல்லாம் உன்னாலதான்யா. வூட்டுல ஒரு அவிசுவாசிய வச்சிகினு நான் எப்படி நல்லா இருப்பேன்? நீ பண்ண பாவத்துக்கு நான் காலு ஒடஞ்சி கெடக்கறேன்."

கோபால்சாமி அவள் முதுகுக்கு அடியில் துணியைச் சரியாகச் செருகினார். டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பாஸ்டர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "வலி பேசுதும்மா" என்றார் மெல்ல. சசிகலாவுக்கு ஒருவேளை தன் சிறுநீரகக் கல் ஞாபகம் வந்திருக்கலாம்.

அதற்கடுத்த ஞாயிறு. கோபால்சாமி அன்றைக்கு மேல்காட்டுக்குப் போகவில்லை. அவளைத் தனியே விட முடியாதென்று ஆறு வாரமாகவே போவதில்லை. வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். புளி தட்டுவது பெண்கள் செய்கிற வேலை. ஊர் ஆண்கள் போகிற போக்கில் கேலி பேசினார்கள். அவர் சிரித்துவிட்டுத் தட்டினார். ஓட்டை உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து, சதையை ஒரு பக்கம் வைப்பார். சில காய் மேலே ஓடு வழவழவென்று முழுசாக இருக்கும், தட்டினால் உள்ளே பூச்சி அரித்து மாவாகக் கொட்டும். அம்மாக்கண்ணு கட்டிலில் கிடந்தபடியே கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு ஸ்பீக்கர் கொரகொரத்தது. பதினைந்து வருஷத்தில் அந்த ஸ்பீக்கரை அவள் வெளியிலிருந்து கேட்பது இந்த ஒரு மாதமாகத்தான். எவ்வளவு சத்தம் என்று முதல் ஞாயிறே திடுக்கிட்டிருந்தாள். சொல்கிறவர் பக்கத்தில் நின்று காதில் கத்துவது போல இருந்தது. அன்றைக்குச் சாட்சிக்கு எழுந்தவள் சசிகலா. தன் சிறுநீரகக் கல் கரைந்து போனதற்கு நன்றி சொன்னாள். மனதில் சூதில்லாத பெண். அதே குரலில் ஜெப விண்ணப்பத்துக்கு வந்தாள்.

"நம்ம அம்மாக்கண்ணு அக்காவுக்காக எல்லாரும் ஜெபம் பண்ணிக்குங்க. அவங்களுக்கு ஆண்டவர் பொறுமை குடுக்கணும். வலி தாங்காம வூட்டுக்காரர வாயிக்கு வந்தபடி பேசறாங்க. கசப்பு அவங்க மனசுல பூந்துட்டுக்குது. அந்த அண்ணன் இன்னா செஞ்சாலும் அவங்களுக்குப் போதல. அவங்க நாக்கை ஆண்டவர் தொடணும்."

ஆமென் என்று நாற்பது குரல் ஸ்பீக்கரில் சொன்னது. தெருவில் யாரோ சிரித்தார்கள். கோயில் பக்கமிருந்து ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. அம்மாக்கண்ணுவுக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. எழுந்து போக முடியாது. காதை மட்டும்தான் பொத்திக்கொள்ள முடியும், பொத்தினாலும் கேட்டது.

"கேட்டீங்களா? கேட்டீங்களா அந்தக் குட்டி பேசுனத? ஊரு முழுக்க என் மானத்த வாங்கிட்டா. என் வூட்டு விசயத்த மைக்குல சொல்ல அவ யாரு?"

கோபால்சாமி கையிலிருந்த காயை உடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"வுடு. அந்தப் பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்லுது" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, அவளுக்கு உதவியாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்பது போல, "மொத ரெண்டு மூணு வாரம்தான் கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிடும்" என்றார்.

குத்திக் காட்டவில்லை. அப்படிப்பட்ட ஆளில்லை அவர். தனக்குத் தெரிந்த ஒன்றை, தெரியாதவளுக்குச் சொன்னார்.

அம்மாக்கண்ணு காதிலிருந்து கையை எடுத்தாள். தொங்கிக்கொண்டிருந்த வேட்டியைப் பார்த்தாள். பதினைந்து வருஷம். கரன்ட் போன நாளையெல்லாம் கழித்தால்கூட எழுநூறு ஞாயிறு இருக்கும். கல்லு மனசு, மரம், இருட்டு என்று எழுநூறு முறை இந்த மனுஷர் மேல்காட்டில் ஆடுகளுக்கு நடுவே நின்று கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார். தான் ஒரே ஒரு தடவை கேட்டதற்கே இப்படி எரிகிறது.

அந்த வாரம் அவள் அதிகம் பேசவில்லை. கோபால்சாமிக்குப் பயம் வந்து காய்ச்சல் அடிக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துகொண்டிருந்தது. அவள் மாரியம்மன் பண்டிகைக்கு வருவதை நிறுத்தியபோது ஊர்ப் பெரியவர்கள் கோபால்சாமியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "அது அவ இஷ்டம். என் வூட்டுப் பங்கு வேலைய நான் ரெண்டு பங்கா செய்றேன்" என்று சொல்லி, அந்த வருஷம் கோயில் பந்தல் முழுக்கத் தனியாகவே கட்டினார். ஞானஸ்நானத்துக்கு அடிவாரம் போக அவளைத் தார்ரோடு வரை கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டவர் அவர். எழுநூறு சாட்சியில் இவற்றில் ஒன்றைக்கூட அவள் நன்மை என்று சொன்னதில்லை. ஆண்டவர் மழை கொடுத்தார், கன்று கொடுத்தார், மகளுக்கு மாப்பிள்ளை கொடுத்தார் என்று அடுக்கியவளுக்கு, பக்கத்தில் படுத்திருந்த நன்மை கண்ணில் படவே இல்லை. இருட்டில் இருந்தது யார் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுதாள். அழுகையோடு, சில வாரமாக வராமலிருந்த ஜெபமும் வந்தது. என்னை மன்னியும் என்ற ஒற்றை வரிதான் அது. மைக்கில் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும்.

அடுத்த முறை பாஸ்டர் தனியாக வந்தபோது அவள் கேட்டாள். "பாஸ்டர், நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. இத்தினி வருசம் நான் பண்ணது எல்லாம் வேசமா? கஷ்டம்னு ஒண்ணு வந்ததும் உள்ள இருந்து இதான வந்துச்சு."

தன்னைவிடப் பதினைந்து வயது மூத்த பெண் இப்படிக் கேட்டதும் வெற்றிச்செல்வன் ஹெல்மெட்டை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேசமா இருந்தா, இப்ப உங்களுக்கு இவ்ளோ வலிச்சிருக்காதும்மா" என்றார். "உள்ள இன்னா இருக்குதுன்னு நமக்கே தெரியறதில்ல. இப்ப தெரிஞ்சிடுச்சி. ஆண்டவருக்கு முன்னாடியே தெரியும், அப்படியும் உங்கள வச்சிருந்தாரில்ல."

அவர் போன பிறகும் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் வெகுநேரம் கிடந்தாள். அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தாள். ஊர் கேட்கக் கணவரைத் தாழ்த்திப் பேசினோம், ஊர் கேட்கவே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். முடிவு எடுப்பது சுலபம். தும்பக்காட்டில் அவளுக்கென்று இருந்ததெல்லாம் 'சாட்சி அம்மாக்கண்ணு' என்கிற பெயர் ஒன்றுதான். அதைத் தன் வாயாலேயே கெடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஞாயிறு போகட்டும் என்று தள்ளினாள். மூன்றாவது ஞாயிறும் ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளினாள். இதற்கிடையில் வாக்கரைப் பிடித்து நாலு அடி வைக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சாக்கும் தீர்ந்தது.

வைகாசி மாதத்து ஞாயிறு. சசிகலாவின் கணவன் வெற்றிவேலும் கோபால்சாமியும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஜெபவீட்டு வாசலில் கோபால்சாமி அவளை வாக்கரைப் பிடித்து நிற்கவைத்து, சேலை முந்தானையைச் சரிசெய்து விட்டுவிட்டு, வழக்கம் போலத் திரும்பினார். ஆடுகள் காத்திருக்கின்றன. உள்ளே எல்லோரும் கைதட்டி வரவேற்றார்கள். சாட்சி நேரம் வந்ததும் அவர்களே அவள் பக்கம் திரும்பினார்கள். ஒடிந்த கால் சேர்ந்து எழுந்து நிற்கிறாள், முக்கால் மணி நேரச் சாட்சி நிச்சயம் என்று இரண்டொருவர் சௌகரியமாகச் சுவரில் சாய்ந்துகொண்டார்கள்.

மைக்கைக் கொடுக்க வந்த சசிகலா அவள் முகத்தைப் பார்த்து என்னவோ புரிந்துகொண்டாள். காதருகில் குனிந்து, "அக்கா, வெளி ஸ்பீக்கர ஆஃப் பண்ணிடட்டுமா?" என்றாள்.

"வேணாம். இன்னிக்கி இருக்கட்டும். அடுத்த வாரத்துலர்ந்து ஒயர கழட்டிடு."

அம்மாக்கண்ணு மைக்கை வாங்கினாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்துவிட்டு நின்றாள். அந்த மௌனமே ஊருக்குப் புதிது.

"பதினஞ்சு வருசமா எங்க வூட்டுக்காரருக்குக் கல்லு மனசுன்னு இதே மைக்குல சொன்னேன். அது பொய்யி. நான் படுத்துக் கெடந்த இந்த மூணு மாசமும் எனக்குப் பீ அள்ளிப் போட்டது அவரு. மூஞ்சி சுளிக்கல. நான் அவரக் கண்டபடி பேசுனேன். உங்களுக்கெல்லாம் தெரியும், சசி சொல்லிச்சி. அது சொன்னது நெசம். பொறுமையா இருன்னு ஊரெல்லாம் போய்ச் சொன்னேன், எனக்கு அது ஒரு மாசத்துக்குக்கூட இல்ல. சசிகிட்டயும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. இனிமே அவருக்காக நீங்க ஜெபம் பண்ண வேணாம். எனக்காகப் பண்ணுங்க. அவ்ளோதான்."

இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. யாரும் ஆமென் சொல்லவில்லை. சசிகலா மூக்கை உறிஞ்சுவது மைக்கில் பிடித்து ஊருக்கெல்லாம் கேட்டது. பாஸ்டர் எழுந்து பிரசங்கத்தை ஆரம்பிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் பயந்தபடி ஒருவரும் முகம் திருப்பவில்லை. கோபால்சாமி வந்தார். நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. வழியெல்லாம் வெற்றிவேலிடம் மழையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். வீட்டில் அவளைக் கட்டிலில் உட்காரவைத்தார். சாமைச் சோற்றையும் கொள்ளுக் குழம்பையும் தட்டில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அவள் சாப்பிடவில்லை. இனியும் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"கேட்டுச்சாங்க?"

"கேட்டுச்சி. மேல்காடு முழுக்கக் கேட்டுச்சி."

அவள் காத்திருந்தாள். அவர் தண்ணீர்ச் சொம்பை அவள் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தார். வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"அவங்ககிட்ட எதுக்குச் சொன்ன? நீ பேசுனது அவங்களயா?"

பதினைந்து வருஷத்தில் அந்த மனுஷர் வாயிலிருந்து வந்த முதல் குறை அதுதான். குரல் உயரவில்லை, ஆனால் லேசாக உடைந்திருந்தது. பழகிடும் என்று சொன்னாரே, அவருக்குப் பழகவே இல்லை என்று அம்மாக்கண்ணுவுக்கு அப்போதுதான் புரிந்தது. இன்றைக்கும் தான் ஊரைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறோம், இவரைப் பார்த்து இல்லை என்பதும் புரிந்தது. மன்னிப்பைக்கூட நாற்பது பேர் பார்க்கக் கேட்டுவிட்டு, நன்றாகக் கேட்டோம் என்று நாற்காலியில் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

தட்டைக் கீழே வைத்தாள். "இங்க வந்து உக்காருங்க" என்றாள். அவர் தயங்கிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்ப்பேறிய, புளி நார் கீறிய கை.

"தப்பு பண்ணிட்டேங்க. ரொம்ப நாளா பண்ணிட்டேன். என்ன மன்னிச்சிக்குங்க."

கோபால்சாமி அந்தக் கைகளைப் பார்த்தார். "சரி" என்றார். கண்ணைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு, நெடுநாளாகக் கேட்க நினைத்த ஒன்றைக் கேட்பவரைப் போல மெல்லத் திரும்பினார்.

"இத்தினி வருசமா என்னப் பத்தி உங்க ஆண்டவர்கிட்ட சொல்லிக்கினே இருந்தியே. அவரு இன்னாதான் சொன்னாரு?"

அம்மாக்கண்ணு யோசித்தாள். "நீ மொதல்ல வாய மூடுன்னுதான் சொல்லிக்கினு இருந்திருப்பாரு. என் சத்தத்துல எனக்குத்தான் கேக்கல."

கோபால்சாமி சிரித்துவிட்டார். தோள் குலுங்க, வாய்விட்டு அவர் சிரித்து அவள் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தொடையில் பிளேட் வைத்த இடம் சுரீர் என்று வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். அவர் பதறி எழுந்து காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தார். தூக்கியது கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.